நிரை பிடிக்கும் இயந்திரம்

வீட்டு நீச்சல் குளத்தைத் தானாகச் சுத்தம் செய்யும் மெஷின்களைப் பற்றி எனக்கு இப்போது தேவைக்கு அதிகமாகவே தெரியும். எங்கள் வீட்டில் நீச்சல் குளம் கிடையாது. மாசாயில் நாங்கள் இருப்பது ஓரடுக்குத் தொடர்வீடு. பின்கட்டில் ஒரு நீலப் பீப்பாய் இருக்கிறது, தண்ணீர் நின்றுபோகும் நாட்களுக்காக. எங்களுக்குச் சொந்தமான நீர்நிலை அவ்வளவுதான். ஆனால் என் அப்பா ஜொகூர் பாருவிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் 17 வீட்டுக் குளங்களைப் பராமரிக்கிறார். "இன்னைக்கு எத்தன குளம்?" என்றுதான் அம்மா காலையில் தேத்தண்ணி கலக்கும்போது கேட்பார்.

குளம் என்று சொல்கிறோமே தவிர அது குளத்துக்கு நேர் எதிரான ஒரு பொருள். குளம் என்றால் மீன் இருக்கும், பாசி இருக்கும், அடியில் சேறு இருக்கும். நீச்சல் குளத்தில் இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் அப்பாவுக்கு ஃபோன் வந்துவிடும். உயிரில்லாத தண்ணீரை வாரம் தவறாமல் உயிரில்லாமலே வைத்திருப்பது அவர் தொழில். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை பாகையில் இது லேசுப்பட்ட வேலையில்லை. இந்த மெஷின்களின் கையேடுகளில் குளிர்காலத்தில் எப்படிக் கழுவி எடுத்துவைப்பது என்று ஒரு பக்கம் தவறாமல் வருகிறது. நமக்கு அந்தப் பக்கம் தேவையே இல்லை. பாசிக்கு இங்கே விடுமுறை மாதம் கிடையாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, மற்ற மாதங்களில் சாயங்கால இடிமழை. மழை குளோரினை நீர்த்துப்போகச் செய்யும். மழை விட்டதும் வரும் வெயில் மிச்ச குளோரினை உடைக்கும்.

போன ஆண்டு இறுதியில், ஹரைசன் ஹில்ஸில் அப்பாவின் வாடிக்கையாளரான ஒரு டாக்டரம்மா என்னை வரச்சொன்னார். ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணர், வயது 68, ஒரு முழங்கால் மாற்றி வைத்தாயிற்று. பிள்ளைகள் மெல்பர்னில். பேரப்பிள்ளைகள் வரும்போது அந்தக் குளத்தில் குதிப்பார்கள், மற்றபடி அது வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

"நீ எஞ்சினியர்தானேம்மா. பூலுக்கு ஒரு ரோபோட் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். அப்பா பத்தடி தள்ளி அலுமினியக் கம்பில் பிரஷ்ஷை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பிறகு டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒங்கப்பா வலது தோளத் தூக்குறதே இல்ல, பாத்தியா? எல்லாம் இடது கையிலதான் தள்றாரு."

பார்த்திருந்தேன். வீட்டில் சட்டை மாட்டும்போதும் வலது கையை முதலில் விட்டுக்கொள்கிறார். கேட்டால், "காத்துப் புடிச்சிருக்கு" என்பார்.

வேனில் திரும்பும்போது பெர்லிங் வரும்வரை அப்பா பேசவில்லை. பிறகு, "நல்லதாப் பாத்துக் குடு பாப்பா. அந்தம்மா நல்ல மனுசி. மட்டமான சாமான வாங்கி ஏமாந்துறக் கூடாது" என்றார். அதோடு சரி. அந்த வீட்டுக் கூலி மாதம் 280 வெள்ளி, நான்கு வருகை. 17இல் ஒன்றுதானே என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே தெருவில் அப்பாவுக்கு இன்னும் நான்கு குளங்கள் இருக்கின்றன. வேலிக்கு மேல் பேசிக்கொள்கிற தெரு அது.

அப்பா இந்தத் தொழிலுக்கு வந்தது 2009இல். அதற்கு முன் 14 ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுத்தால்தான் பாலத்து நெரிசலைத் தாண்ட முடியும். ஆள்குறைப்பில் வேலை போனதும், குளம் கழுவிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார நண்பர் ஊருக்குத் திரும்பும்போது தன்னிடமிருந்த ஆறு வீடுகளையும் ஒரு பழைய வெக்கும் ஹோஸையும் அப்பாவிடம் விட்டுப்போனார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். என் வேலை தண்ணீரைச் சோதிக்கும் சின்னப் பெட்டி. குப்பியில் குளத்து நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்க்க வேண்டும். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில், குளோரின் பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு. பிறகு யூ.டி.எம்.மில் நீரியக்கவியல் படித்தபோது பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தது. அப்பா அதை வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொடுத்திருந்தார், அவ்வளவுதான். ஹோஸை முதலில் முழுக்கத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் உறிஞ்சு குழாயில் செருக வேண்டும் என்பதை அவர் "இல்லாட்டி பம்ப்பு காத்தக் குடிச்சிரும்" என்பார். பாடப்புத்தகம் அதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டது.

இனி மெஷின்கள். சந்தையில் மூன்று வகை.

முதல் வகை உறிஞ்சுகிற வகை. குளத்தின் பம்ப் ஏற்கெனவே தண்ணீரை இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது, அந்த இழுப்பையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது இதன் யோசனை. ஒரு நீண்ட ஹோஸ், முனையில் ஒரு தட்டையான தலை. இதில் பேர்பெற்றது 1974இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்ஸ் நகரில் ஃபெர்டினாண்ட் ஷோவியே உருவாக்கிய கிரீப்பி க்ராலி. பெல்ஜியக் காங்கோவிலிருந்து வந்த நீரியல் பொறியாளர் அவர். அந்த மெஷினில் மோட்டாரும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. உள்ளே ஒரு நாக்கு மட்டும் இங்குமங்கும் ஆடி, ஓடுகிற தண்ணீரைக் கணநேரம் நிறுத்தி நிறுத்தி விடுகிறது. திடீரென நிறுத்தப்பட்ட நீரோட்டத்துக்குக் கோபம் வரும். குழாயை மூடியதும் சுவருக்குள் 'டங்'கென்று ஒரு சத்தம் கேட்குமே, அந்தக் கோபம். அந்த உதறலில் மெஷின் ஓர் அடி முன்னே நகரும். நான் வேலை செய்வது கூலாய்ப் பக்கம் ஒரு தரவு மையத்தில். குளிர்நீர்க் குழாய்களும் பம்ப்புகளும் என் பொறுப்பு. அங்கே இந்த உதறல் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இந்த மனிதர் அதையே கால்களாக்கி நடக்கவிட்டிருக்கிறார். தேடித் தேடிப் படித்ததில் என்னை நிஜமாகவே சந்தோஷப்படுத்திய விஷயம் இதுதான்.

இரண்டாவது, அழுத்தத்தில் ஓடும் வகை. அமெரிக்காவின் போலாரிஸ் இதில் பிரபலம். தண்ணீரைப் பீய்ச்சி, அந்தப் பீய்ச்சலின் இழுவையில் குப்பை தன் பைக்குள் ஏறும்படி செய்யும். இலைகளுக்கு நல்லது. ஆனால் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக இன்னொரு பம்ப்பும், குளம் கட்டும்போதே பதித்த தனிக் குழாயும் வேண்டும். டாக்டரம்மா குளத்தில் அது இல்லை. தரையை உடைக்க வேண்டும் என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது ரோபோட். இதற்குக் குளத்தின் பம்ப் தேவையில்லை. கரையில் ஒரு மின்மாற்றிப் பெட்டி, அதிலிருந்து 30 வோல்ட்டுக்குள் நேர்மின்சாரம், மிதக்கும் கேபிள். மெஷினுக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப் அடியில் உறிஞ்சி மேலே துப்பும். துப்புகிற வேகமே அதைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பதால் சுவரிலும் ஏறுகிறது. குப்பை அதன் கூடையிலேயே தங்கும், குளத்தின் மணல் வடிகட்டிக்குப் போகாது. கேபிளே இல்லாமல் லித்தியம் மின்கலத்தில் ஓடுகிறவையும் இப்போது சீனாவிலிருந்து நிறைய வருகின்றன.

கடைக்காரர்கள் எல்லாரும் தரையைப் பற்றியே பேசினார்கள். நான் அளந்து பார்த்தேன். குளம் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். தரை 40 சதுர மீட்டர். நான்கு சுவர்களையும் கூட்டினால் 42. சுவர்தான் அதிகம்! பாசியும் முதலில் சுவரில்தான் பிடிக்கும், அதுவும் வெயில் படாத பக்கத்துச் சுவரில், ஓடுகளுக்கு நடுவிலுள்ள சாந்தில். அப்பாவின் தோள் போனதும் தரையால் அல்ல. வெக்கும் தலையைத் தரையில் தள்ளுவது இடுப்பு வேலை. சுவரைத் தேய்ப்பது தோள் வேலை. கம்பைத் தண்ணீருக்குள் அமுக்கி, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கையகலத்துக்கும். வாரத்துக்கு 17 குளம் என்று 16 ஆண்டுகளைப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கணக்கை மூடிவிட்டேன். உறிஞ்சுகிற வகையில் மலிவானவை பெரும்பாலும் தரையோடு நின்றுவிடுகின்றன. தவிர, அடுத்த வீட்டில் ஓர் அங்சானா மரம் இருக்கிறது. அது பூத்துக் கொட்டும் நாளில் குளம் மஞ்சளாகிவிடும். ஹோஸில் அது போய் அடைத்தால் பம்ப் மறுபடி காற்றைக் குடிக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு கடையில் சொன்ன விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. ரோபோட் வாங்கினால் பம்ப் செலவு மிச்சம் என்றார் விற்பனையாளர். ஒரு குதிரைத்திறன் பம்ப், மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். தண்ணீர் முழுவதும் ஒருமுறை வடிகட்டியைச் சுற்றிவர ஆறு மணி நேரம். மாதத்துக்கு 180 யூனிட். 2025 ஜூலைக்கு முந்தைய கட்டணத்தில் 900 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு ஒரு யூனிட் 57.1 சென். ஆக, 103 வெள்ளி. ரோபோட் 150 வாட்ஸில் இரண்டு மணி நேரம், வாரம் மூன்று தடவை ஓடினாலும் மாதத்துக்கு நாலு யூனிட் தாண்டாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோபோட் ஓடினாலும் பம்ப் ஓடித்தான் ஆக வேண்டும். தண்ணீர் சுற்றாவிட்டால் மருந்து கலக்காது, வடிகட்டியும் வேலை செய்யாது. அப்புறம் எங்கே மிச்சம்?

நிஜமான மிச்சம் பம்ப்பின் வேகத்தில் இருக்கிறது. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் அது தின்னும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் சுற்றிவர இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனாலும் லாபம்தான். வேகத்தை மாற்றக்கூடிய பம்ப்பைப் பற்றி டாக்டரம்மாவிடம் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் கேட்டது ரோபோட்டும்மா" என்றார்.

கணக்கில் உட்கார்ந்தால் எழ முடியாத வியாதி எனக்கு உண்டு. குளத்தில் 60,000 லிட்டர். அதாவது சுமார் 13,200 கேலன். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், 2061 வரைக்கும். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென். அந்த விலையில் டாக்டரம்மாவின் குளம் முழுவதற்கும் 40 சென். அது சுத்திகரிக்காத ஆற்றுநீர், வீட்டுக் குழாய் நீரோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். இருந்தும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பாலத்து ஓரமாத்தான் அந்தப் பைப்பு போகுது. நானும் தண்ணியும் ஒரே வழியிலதான் வேலைக்குப் போனோம்" என்றார்.

அடுத்த கேள்வி மெஷினின் புத்தி. பழைய மெஷின்களும் மலிவானவையும் கண்ணை மூடிக்கொண்டு அலைகின்றன. சுவரில் முட்டினால் திரும்பும், அவ்வளவுதான். அப்படி அலைகிற ஒன்று, குளத்தின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு பரப்பை மொத்தத்தில் துடைத்து முடிக்கும்போது உண்மையில் தொட்டிருப்பது ஏறக்குறைய 63 விழுக்காடுதான். சில இடங்களை நாலு தடவை துடைத்திருக்கும், சில இடங்களுக்குப் போயிருக்கவே போயிருக்காது. இரண்டு மடங்கு ஓடினால் 86. மூன்று மடங்கு ஓடினால் 95. விலை கூடினவற்றில் திசையை உணரும் கைரோஸ்கோப் இருக்கும். அவை கோடு போட்ட மாதிரி போய்த் திரும்பி வரும்.

இதை அப்பாவுக்கு விளக்கக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவர் முதல் படத்தைத் தள்ளிவிட்டு இரண்டாவதைத் தொட்டார்.

"இது நிரை புடிக்கிது."

அந்தச் சொல் பாட்டியுடையது. பாட்டி மவுண்ட் ஆஸ்டின் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்குத் தோட்டத்தில் நிரை என்று பெயர். நிரையை விட்டு மாறினால் மரம் தப்பும், மரம் தப்பினால் தண்டல் கத்துவார். அப்பா பள்ளி விடுமுறையில் பாட்டியோடு போய் மங்கிலிருந்து பாலைச் சேகரித்து வாளியில் ஊற்றியிருக்கிறார். நீச்சல் குளத்தில் வெக்கும் தலையைத் தள்ளும்போதும் அவருக்கு அது நிரைதான். ஒரு நிரைக்கும் அடுத்ததற்கும் நான்கு விரல் ஏறி வர வேண்டும். வேகமாகத் தள்ளினால் அடியிலிருக்கும் தூசு எழுந்து தண்ணீர் கலங்கிவிடும், பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவரிடம் இப்போது ஆஸ்டின் ஹைட்ஸில் இரண்டு குளங்கள் இருக்கின்றன. பாட்டியின் தோட்டம் இருந்த வட்டாரம்தான். லயம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவரால் இன்று காட்ட முடியவில்லை. மேடு பள்ளத்தையெல்லாம் சமப்படுத்திவிட்டார்கள்.

ஆகவே கைரோ உள்ளதுதான் வேண்டும் என்று முடிவானது. ஒரு நண்பர் டால்ஃபினைப் பரிந்துரைத்தார். உலகத்தில் அதிகம் பேசப்படும் குள ரோபோட் அது. அதைத் தயாரிக்கும் மேட்ரானிக்ஸ் 1983இல் இஸ்ரேலின் இஸ்ரயேல் கிப்புட்ஸில் தொடங்கிய நிறுவனம். கிப்புட்ஸின் பெயரும் நாட்டின் பெயரும் தமிழில் எழுதும்போது ஒன்று மாதிரி வந்துவிடுகின்றன, நிஜத்தில் இரண்டும் வேறு. மலேசியா அந்த நாட்டோடு தூதரக உறவு வைத்துக்கொண்டதில்லை. 2023 டிசம்பரில் இஸ்ரேலின் ஸிம் நிறுவனக் கப்பல்களுக்கு நம் துறைமுகங்களை அரசாங்கம் மூடியது. சிங்கப்பூரில் வாங்கிக் காடியில் வைத்து எடுத்துவந்துவிடலாம் என்றும் அதே நண்பர் யோசனை சொன்னார். டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். "பேரப்பிள்ளைங்க குதிக்கிற தண்ணி அது. அது எனக்கு வேணாம்." காரணத்தை அதற்குமேல் விரித்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியலில் ஒரு வரி குறைந்தது.

கேபிள் இல்லாத மெஷின்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்கூட. தண்ணீரில் விட்டால் போதும், வேலை முடிந்ததும் கரையோரம் வந்து நிற்கும். டாக்டரம்மா காணொளியைப் பார்த்துக் கைதட்டாத குறை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "கரையோரம் வந்து நின்னதும் யாரு அதத் தூக்குறது?"

விளம்பரங்களில் இந்தக் காட்சி இருக்காது, இருந்தாலும் தூக்குகிறவர் உடற்பயிற்சி செய்கிற ஆண்மகனாக இருப்பார். நான் பார்த்த மெஷின் 12 கிலோ. தண்ணீரும் ஈர இலைகளும் நிறைந்திருக்கும்போது இன்னும் கனம். கரையில் குனிந்து, கையை நீட்டி, தண்ணீருக்கு வெளியே ஒரு கணம் பிடித்து வடியவிட்டு, பிறகு தூக்க வேண்டும். மாற்று முழங்காலோடு டாக்டரம்மா அதைச் செய்ய மாட்டார். அப்பா வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மிச்சம் இருப்பது அந்த வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண். சமையல், துணி, வீடு, தோட்டச் செடிகளுக்குத் தண்ணீர், டாக்டரம்மாவைக் கைத்தாங்கலாக மாடிப்படி ஏற்றுவது எல்லாம் அவர்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கடைக்காரர் காட்டுவதற்காகக் கொண்டுவந்த மெஷினை அவரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கினார். இரண்டடி நடந்து கீழே வைத்துவிட்டு, "பெராட் லா, காக்" என்றார், கனமாக இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

தானியங்கி என்று நாம் பெயர் வைத்திருப்பது வேலையை இல்லாமலாக்குகிறதா, அல்லது ஒரு கையிலிருந்து எடுத்து இன்னொரு கையில் கொடுக்கிறதா என்று அன்று இரவு நிறைய யோசித்தேன். அப்பாவின் தோளிலிருந்து இறக்கி அந்தப் பெண்ணின் முதுகில் ஏற்றுவதற்கு 5,000 வெள்ளி கொடுக்க வேண்டுமா? அதுவும் அவருக்குக் கூடுதலாக ஒரு காசு கிடைக்கப்போவதில்லை. என் அட்டவணையில் எடையை முதல் வரிசைக்குக் கொண்டுபோனேன்.

முடிவில் வாங்கியது கேபிளோடு வரும் ஒரு மெஷின். 7 கிலோ. சுவர் ஏறும், கைரோ உண்டு, மேல்பக்கத்திலேயே கூடை, இரண்டு சக்கரத் தள்ளுவண்டியும் சேர்த்து 3,900 வெள்ளி. மின்மாற்றியைக் குளத்திலிருந்து தள்ளி, மழைபடாத இடத்தில் வைக்கச் சொன்னேன். அந்த பிளக்குக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் தனி சுவிட்ச் போடாமல் மெஷினைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். மெஷினை இறக்குவதும் ஏற்றுவதும் அப்பா வரும் நாளில் அப்பாவோ நானோ பார்த்துக்கொள்வோம், இடையில் ஓட வேண்டுமானால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்றும் எழுதினேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "நீ எஞ்சினியரா, யூனியன் லீடரா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து நான் கேட்கவே இல்லை.

அப்பாவின் கூலிப் பேச்சு எனக்குப் பயம் தந்த பகுதி. மாதத்துக்கு நான்கு வருகை இனி வேண்டாம், இரண்டு போதும், 160 வெள்ளி என்றார் டாக்டரம்மா. நான் வாயைத் திறக்கும் முன் அப்பா பேசினார். சத்தம் போடவில்லை.

"அம்மா, மெஷினு தரையக் கூட்டும், செவரத் தேய்க்கும். தண்ணியில என்னா இருக்குன்னு அதுக்குத் தெரியாதும்மா. போன மாசம் மூணு நாள் மழைக்கப்புறம் வந்தேன் பாருங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சி. மருந்து சுத்தமா இல்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பச்சையாப் போயிருக்கும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. தெளிவாக இருக்கும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று கண் நம்பிவிடும். மூக்கும் அதே மாதிரி ஏமாறும். குளோரின் வாடை தூக்கினால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வாடை, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து தீர்ந்துபோன குளோரினுடையது. "வாடை வந்தா மருந்து பத்தலன்னு அர்த்தம்" என்று நான் பத்து வயதில் அப்பாவிடம் கேட்டது. மருந்து விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. குளோரின் டப்பாவும் ஆசிட் கேனும் வேனில் ஒரே பக்கத்தில் இருக்காது. ஒன்று பின்னால், இன்னொன்று நடுவில் தனிப்பெட்டியில். இரண்டும் கலந்தால் நச்சுவாயு. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் யாரோ கழிவைக் கொட்டி, பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடினார்களே, அப்போது நாங்கள் மாசாயில் ஜன்னல்களில் ஈரத்துணி கட்டி உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அப்பா அந்த நடுப்பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கிப் போட்டார்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த மார்ச் 18க்குப் பிறகு எந்த வீட்டுக்குள்ளும் போக முடியவில்லை. வாரக்கணக்கில் வருமானம் இல்லை. திரும்பப் போனபோது சில குளங்கள் நிஜமாகவே குளங்களாகியிருந்தன. ஒன்றில் தலைப்பிரட்டைகள் நீந்தின. கொசுப் புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள் என்று வீட்டுக்காரர்கள் அலறினார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்தத் தலைப்பிரட்டைகளை வெளியேற்ற மனசே வரவில்லை. வாளியில் பிடித்துக்கொண்டுபோய்க் கால்வாயில் விட்டார். "எவ்ளோ நாளு கழிச்சி ஒரு உசுரு வந்திருக்கு" என்றாராம். இதை எனக்குச் சொன்னது அம்மா.

டாக்டரம்மா 200க்கு ஒத்துக்கொண்டார். மாதத்துக்கு இரண்டு வருகை, கூடவே வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் வந்து தண்ணீரைச் சோதித்து மருந்து போட்டுவிட்டுப் போவது. ஆக 80 வெள்ளி குறைந்தது. நேரமும் குறைந்தது. அந்த நேரத்தில் அப்பாவை அரசாங்க மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன். தோளில் தசைநார் தேய்ந்திருக்கிறதாம். பிசியோதெரப்பியில் ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இது நல்ல ரப்பர் இல்லை என்றார்.

மெஷின் முதன்முதலில் ஓடிய நாளில் அப்பா கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்தார். 16 ஆண்டில் அவர் குளக்கரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த இந்தோனேசியப் பெண் அவருக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தார். மெஷின் அடியில் கோடு போட்டுப் போனது, சுவரில் ஏறியது, நீர்மட்டத்தில் வாயைத் தூக்கிக் கொஞ்சம் மூச்சுவிட்ட மாதிரி சத்தம் போட்டது, இறங்கியது. அப்பா இரண்டு தடவை எழுந்து கேபிளின் முறுக்கை எடுத்துவிட்டார். படிக்கட்டு மூலையில் அது தடுமாறியபோது "ம்ம்" என்றார்.

"எப்படிப்பா?" என்றேன்.

"நிரை புடிக்கிது. மூலைக்குள்ள குனியத் தெரியல. செவரு நல்லாப் பண்ணுது, பொய் சொல்லக் கூடாது." கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு இடது கையால் பிரஷ்ஷை எடுத்து நான்கு மூலைகளையும் படிக்கட்டையும் தேய்த்தார். சுமார் பத்து நிமிட வேலை.

இரண்டு வாரத்தில் அந்தத் தெருவிலிருந்து அழைப்பு வந்தது, எதிர்பார்த்த மாதிரியே. மூன்றாவது வீட்டுச் சீனர். நான் பக்கத்தில் இருந்ததால் அப்பா ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் வீட்டில் ரோபோட் பார்த்தேன், எனக்கும் ஒன்று வேண்டும், எது வாங்கலாம் என்று மலாயில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார்.

என் மகள் எஞ்சினியர், அவள் வந்து குளத்தை அளந்து பார்த்துத்தான் சொல்லுவாள் என்றார் மலாயில். கொஞ்சம் நிறுத்தி, அதற்குத் தனியாக 150 வெள்ளி தவுக்கே என்றார்.